மலையில் மூன்று நாள், மூன்று பேர், மூன்று தரம்: எந்த மைதானத்தை எடுப்பது?

ரஃப்வாசி:

அடுத்த மாதம் மூன்று நாள் மலைப்பகுதியில் கோல்ஃப் ஆடப் போகிறோம். மூன்று பேர். என் ஹேண்டிகேப் இண்டெக்ஸ் 24 (இந்த எண் குறையக் குறைய ஆட்டக்காரர் திறமைசாலி). மைத்துனருக்கு 6, பெயருக்குப் பின்னால் பட்டம் போடுவதைப் போல அதையும் சேர்த்தே சொல்வார். என் மனைவி மட்டையைத் தொட்டு எட்டு மாதம்தான் ஆகிறது. டிரைவர் என்னும் நீளத்தூர மட்டையில் நன்றாகப் பட்டால் பந்து 110 கெஜம் பறக்கும், பிறகு கொஞ்சம் உருளும். 18 குழிகளையும் முழுதாக ஆடியது இரண்டே முறை.

போன வருடம் ஒரு மலை மைதானத்தில் பட்ட பாடு இன்னும் மறக்கவில்லை. ‘எல்லாத் தரத்தினருக்கும் ஏற்றது’ என்று எழுதியிருந்ததை நம்பிப் போனோம். நான் பதினொரு பந்துகளைத் தொலைத்தேன். பதினான்காவது குழியில் மனைவி வண்டியைவிட்டு இறங்கவில்லை. “நீங்கள் ஆடி முடியுங்கள், நான் மலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்” என்றார். குரலில் கோபம்கூட இல்லை, அதுதான் பயமாக இருந்தது.

இந்த முறை மூன்று பொது மைதானங்களைக் குறித்து வைத்திருக்கிறேன். முதலாவது உச்சியில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 2000 மீட்டர் உயரத்தில். பின் டீயிலிருந்து, அதாவது முதல் அடி அடிக்கும் இடங்களில் மிகப் பின்னால் இருப்பதிலிருந்து, ஸ்லோப் (கடினத்தைக் காட்டும் எண்) 138. இரண்டாவது கீழே, ஆற்றை ஒட்டிய சமதளத்தில், ஸ்லோப் 121. மூன்றாவதில் ஒன்பதே குழிகள், பெரும்பாலும் பார் 3, அதாவது மூன்று அடியில் முடிக்க வேண்டிய குட்டைக் குழிகள். மூன்று நாளும் உச்சியிலேயே ஆடலாம் என்கிறார் மைத்துனர். ஸ்லோப் எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்கலாமா? மூவரும் ஒரே மைதானத்தில் ஆட வழி உண்டா, அல்லது பிரிந்து போவதுதான் குடும்பத்துக்கு நல்லதா?

ஒற்றை இலக்கம்:

உச்சி மைதானத்துக்கே போங்கள். கடினமான இடத்தில் ஆடினால்தான் ஆட்டம் முன்னேறும். அங்கே காற்று மெல்லியது, பந்து பத்து சதவீதம் கூடுதலாகப் பறக்கும். 60 மீட்டர் கீழே இருக்கும் ஃபேர்வேயை (டீக்கும் குழிக்கும் நடுவே புல் வெட்டிய பாதை) நோக்கி ஒரு டிரைவ் அடித்துப் பாருங்கள், பந்து காற்றிலேயே நின்றுவிட்டதோ என்று தோன்றும். அதற்காகத்தானே மலைக்குப் போகிறோம்?

அளவுநாடா:

மேலே எழுதியிருப்பவர் உங்கள் மைத்துனராக இருக்க மாட்டார் என்று நம்புகிறேன்.

மைதானங்களுக்கு ரேட்டிங் போடும் குழுவில் சில வருடங்கள் தன்னார்வலராக இருந்தேன். அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்துவிட்டால் அதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதும் தெரிந்துவிடும். ஸ்லோப் என்றதும் மலைச்சரிவு என்று பலர் நினைக்கிறார்கள். தரைக்கும் அதற்கும் நேரடித் தொடர்பில்லை. ஸ்கிராட்ச் ஆட்டக்காரர், அதாவது ஹேண்டிகேப் 0 உள்ளவர், அந்த டீயிலிருந்து எத்தனை அடிகளில் முடிப்பார் என்பது கோர்ஸ் ரேட்டிங். ஏறத்தாழ 20 ஹேண்டிகேப் உள்ள போகி ஆட்டக்காரர் எத்தனையில் முடிப்பார் என்பது போகி ரேட்டிங். ஆண்களுக்கு இந்த இரண்டின் வித்தியாசத்தை 5.381 ஆல் பெருக்கினால் ஸ்லோப். கோர்ஸ் ரேட்டிங் 71.2, போகி ரேட்டிங் 96.8 என்றால் உங்கள் 138 வந்துவிடும். எண் 55 முதல் 155 வரை போகும். 113 என்பது நடுத்தரமாக எடுத்துக்கொண்ட அளவு. ஒரு மாநிலத்தின் மைதானங்கள் எல்லாவற்றுக்கும் இந்த முறையில் முதலில் அளவெடுத்தது கொலராடோவில், 1982-ல். அதுவும் மலை தேசம்தான் என்பது எனக்கு எப்போதும் ஒரு சின்னத் திருப்தி.

ஆக, 138 என்பது ‘திறமை குறையக் குறைய இந்த மைதானம் எவ்வளவு வேகமாகத் தண்டிக்கும்’ என்பதற்கான எண். ஹேண்டிகேப்பை 138 ஆல் பெருக்கி 113 ஆல் வகுத்தால் மைத்துனரின் 6 அங்கே 7 ஆகும். உங்கள் 24 அங்கே 29 ஆகும். 113 உள்ள இடத்தில் உங்கள் இருவருக்கும் இடையே 18 மட்டையடி வித்தியாசம். உச்சியில் 22 அடி. அவர் ஏன் உச்சியிலேயே மூன்று நாளும் ஆட ஆசைப்படுகிறார் என்று புரிகிறதா? ஹேண்டிகேப் கணக்கில்லாமல் ஆடினால் அவருக்குச் சுளையாக நான்கு அடி கூடுதல் லாபம்.

இனி உங்கள் மனைவி விஷயம். இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். நாங்கள் அளவெடுக்கும்போது கற்பனையில் நான்கு பேரை நடத்திச் செல்வோம். ஆண் ஸ்கிராட்ச் டிரைவில் 250 கெஜம், ஆண் போகி 200. பெண் ஸ்கிராட்ச் 210, பெண் போகி 150. பள்ளம், மரம், மணற்குழி எல்லாவற்றையும் இந்த நால்வரின் பந்து விழும் இடங்களிலிருந்துதான் பார்ப்போம். 110 கெஜம் பறக்கவிடுகிறவர் அந்த நால்வரில் யாருமே இல்லை. 120 கெஜம் தாண்ட வேண்டிய ஓடை 150 கெஜக்காரருக்கு ஒரு சின்னத் தொந்தரவு, அவ்வளவுதான். ரேட்டிங்கில் கொஞ்சம் ஏறும். உங்கள் மனைவிக்கு அது சுவர். ஸ்லோப் அதைச் சொல்லாது. போன வருடம் பதினான்காவது குழியில் இப்படி ஒரு சுவர் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அதனால் மைதானத்துக்குத் தொலைபேசியில் கேளுங்கள்: மிக முன்னே இருக்கும் டீயிலிருந்து கட்டாயம் பறந்தே தாண்ட வேண்டிய இடங்கள் எத்தனை, அதில் மிக நீளமானது எத்தனை கெஜம், சுற்றிப் போக வழி உண்டா? தரம் என்ன என்று கேட்டால் எல்லோருக்கும் ஏற்றது என்றே பதில் வரும். கெஜத்தில் கேட்டால் யாராவது ஒருவர் எழுந்துபோய்ப் பார்த்துவிட்டுச் சொல்வார். செயற்கைக்கோள் படத்தில் நீங்களே அளந்தும் பார்க்கலாம். ஆனால் படத்தில் ஏற்ற இறக்கம் தெரியாது. பள்ளத்துக்கு அப்பால் இருக்கும் ஃபேர்வே உங்களைவிட பத்து மீட்டர் மேலே இருந்தால் இன்னும் ஏறத்தாழ பத்து கெஜம் கூட்டிக்கொள்ளுங்கள்.

உயரத்தைப் பற்றி: 2000 மீட்டரில் ஏழெட்டு சதவீதம் என்பதே என் கணக்கு. அதுவும் வேகமாக அடிப்பவர்களுக்கு. மெதுவாக அடித்தால் பந்தைத் தூக்கிப் பிடிக்கும் விசையும் மெல்லிய காற்றில் குறைகிறது, லாபத்தில் பெரும்பகுதி அங்கேயே போய்விடும். காலைக் குளிர் மிச்சத்தையும் எடுத்துக்கொள்ளும். 110 கெஜம் 120 ஆகும் என்று எண்ணி எந்தப் பள்ளத்தையும் எதிர்கொள்ள வேண்டாம். உங்களுக்கு ஒரு நல்ல செய்தி உண்டு: ஸ்லைஸும் (பக்கவாட்டில் வளைந்து போகும் அடி) மெல்லிய காற்றில் சற்றுக் குறைவாக வளையும். கெட்ட செய்தி, கிரீனில் (குழியைச் சுற்றியுள்ள ஒட்ட வெட்டிய புல்தரை) விழும் பந்தும் அவ்வளவு சீக்கிரம் நிற்காது.

ஏழு அயர்ன்:

நாற்பத்தேழு வயதில் ஆடத் தொடங்கியவள் நான். உங்கள் மனைவி வண்டியில் உட்கார்ந்த அந்த இடத்தில் நானும் உட்கார்ந்திருக்கிறேன்.

ஐயா சொன்ன கணக்கில் ஒன்று விட்டுப்போயிற்று, கால். ஸ்கோர் கார்டில் போட்டிருப்பது டீயிலிருந்து கிரீன் வரை உள்ள தூரம். மலையில் ஒரு கிரீனிலிருந்து அடுத்த டீக்குப் போவதே தனிப் பயணம். அந்த ஏற்றத்துக்கு எந்த ரேட்டிங்கும் கிடையாது. தள்ளுவண்டி வேண்டாம், பேட்டரி வண்டியை முன்பதிவு செய்துவிடுங்கள். பல மலை மைதானங்களில் அது கட்டாயமாகவும் இருக்கும்.

அடுத்தது நிற்கும் தரை. சமதளத்தில் பழகிய எட்டு மாத ஸ்விங், பந்து பாதத்தைவிட உயரத்தில் இருக்கும்போது என்ன ஆகும் என்று அவருக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். வலது கைக்காரருக்குப் பந்து மேலே இருந்தால் இடப்பக்கம் போகும், கீழே இருந்தால் வலப்பக்கம் போகும். இது தெரியாமல் முதல் நாள் முழுக்க என் ஸ்விங்கைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். தெரிந்தபிறகும் பந்து அப்படித்தான் போயிற்று, ஆனால் நான் குறிவைக்கும் இடத்தை மாற்றிக்கொண்டேன்.

காலை முதல் நேரத்தை எடுக்காதீர்கள். புல்லில் உறைபனி இருந்தால் அது கரையும்வரை யாரையும் விட மாட்டார்கள். உறைந்த புல்லை மிதித்தால் நொறுங்கி, கிரீனில் காலடித் தடமெல்லாம் பழுப்பாக நிற்கும். பின்மதியமும் வேண்டாம், கோடையில் மலையில் இடி அந்த நேரத்தில்தான் வரும். நிறுத்தச் சொல்லி ஒலி எழுப்பினால் கிரீனில் பந்தைக் குழிக்கு உருட்டும் இந்த ஒரு ‘பட்’ மட்டும் அடித்துவிட்டு வருகிறேன் என்ற பேச்சே கூடாது. மைத்துனருக்கு இதைத் தனியாகச் சொல்லிவையுங்கள்.

பார் 3 மைதானத்தைச் சின்னப்பிள்ளைகள் இடம் என்று ஒதுக்க வேண்டாம். ஒன்பது குழிகள், ஒவ்வொன்றிலும் கிரீனை எட்டிப் பிடிக்கும் வாய்ப்பு. புதியவருக்கு அந்த ஒன்பதில் கிடைக்கும் தெம்பு பதினெட்டில் கிடைக்காது.

ரஃப்வாசி:

இருவருக்கும் நன்றி. ஐயா சொன்னபடியே தொலைபேசியில் கேட்டேன். உச்சி மைதானத்தில் முன் டீயிலிருந்து பறந்து தாண்ட வேண்டியவை நான்கு; மிக நீளமானது 125 கெஜம், சுற்றுவழி இல்லை. ஆற்றோர மைதானத்தில் ஒன்றே ஒன்று, 70 கெஜம். “யாரும் இப்படிக் கேட்டதில்லை” என்று சிரித்தார் எடுத்தவர், பிறகு ஒவ்வொரு குழியாகச் சொன்னார்.

சகோதரி, முன்பதிவு காலை ஒன்பதரைக்கு. என் மனைவி உங்கள் பதிலை இரண்டு முறை படித்தார். என் கேள்வியைப் படித்ததும்தான் தெரிந்தது, 110 கெஜம் என்று நான் எழுதியது அவருக்குப் பிடிக்கவில்லை. 115 என்கிறார்.

இப்போது என் யோசனை: முதல் நாள் பார் 3, இரண்டாம் நாள் ஆற்றோரம், மூன்றாம் நாள் உச்சி. உச்சியில் மனைவி என்ன செய்வது? நான் எந்த டீயில் நிற்பது? என் ஐந்தாம் அயர்ன் (நடுத்தூர மட்டை) 145 கெஜம்.

அளவுநாடா:

வரிசை சரி. உங்களுக்கு டீயைச் சொல்ல ஒரு பழைய கணக்கு உண்டு: ஐந்தாம் அயர்ன் தூரத்தை 36 ஆல் பெருக்குங்கள். 5220 வருகிறது. உயரத்துக்காகக் கொஞ்சம் கூட்டினாலும் 5600 கெஜத்தைத் தாண்ட வேண்டாம். கார்டில் அந்த நீளத்துக்கு எந்த நிற டீ வருகிறதோ அதுதான் உங்கள் டீ. அது ‘மூத்தோர் டீ’ என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். மைத்துனர் 138 உள்ள பின் டீயில் ஆடட்டும். ஆளுக்கொரு டீயிலிருந்து ஆடினாலும் கணக்கு நேராகும், ஒவ்வொரு டீக்கும் தனி ரேட்டிங் இருப்பது அதற்குத்தானே. மொத்த அடிகளை எண்ணாமல் ஸ்டேபிள்ஃபோர்டு முறையில் புள்ளி போடுங்கள். ஹேண்டிகேப் சலுகையைக் கழித்தபின் பாரைவிட இரண்டு அடி கூடிவிட்டால் அந்தக் குழியில் புள்ளி இல்லை. பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு அடுத்த டீக்கு நடக்கலாம். பின்னால் வருகிறவர்களும் உங்களை வாழ்த்துவார்கள்.

பந்து தொலைந்தால் மூன்று நிமிடத்துக்கு மேல் தேடக் கூடாது, 2019 முதல் அதுதான் விதி. மலைச்சரிவில் மூன்று நிமிடமே அதிகம். அங்கே உள்ளூர் விதி இருக்கிறதா என்று கேளுங்கள்: தொலைந்த பந்துக்காகத் திரும்பிப்போய் அடிக்காமல், இரண்டு அடி தண்டனையோடு ஃபேர்வே ஓரத்தில் பந்தைப் போட்டு ஆட அனுமதிக்கும் விதி அது. பள்ளங்களைச் சிவப்புக் கம்பு நட்டுத் தண்டனைப் பகுதியாக்கியிருந்தால் இன்னும் நல்லது, ஓர் அடியோடு போய்விடும்.

உங்கள் மனைவிக்கு: அந்த 125 கெஜக் குழியில் அவர் அடிக்கவே வேண்டாம். பள்ளத்துக்கு அப்பால் பந்தை வைத்து அங்கிருந்து தொடங்கட்டும். போட்டி இல்லையே. மற்ற மூன்றையும் அவர் 115 கெஜத்தில் தாண்டுவார் என்று நம்புவோம்.

ரஃப்வாசி:

போய் வந்துவிட்டோம். சுருக்கமாகச் சொல்கிறேன்.

பார் 3-இல் மனைவி இரண்டு கிரீன்களில் முதல் அடியிலேயே ஏற்றினார். ஆற்றோரத்தில் 18-ஐயும் ஆடி முடித்தார். உச்சியில் முன்னே வைத்துத் தொடங்கலாம் என்று சொன்னேன், மறுத்துவிட்டார். முதல் பந்து பள்ளத்தில். இரண்டாவதும். மூன்றாவதை அப்பால் கொண்டுபோய் வைத்தார், முகத்தில் வருத்தமே இல்லை.

நான் தொலைத்தவை நான்கு. 5500 கெஜ டீயில் நின்றேன், 31 புள்ளி. மைத்துனர் பின் டீயில் 27. கிரீன்களெல்லாம் மேட்டைப் பார்த்து ஏறுவதாகத் தெரிந்து, பட் அடித்தால் இறங்கி ஓடுகின்றன, கண் ஏமாறுகிறது என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். அதைப் பற்றி ஐயா ஏதாவது எழுதினால் அவருக்கு அனுப்பிவைக்கிறேன்.