கன்வர்டிபிள் கார் உள்கூரைத் துணியை நீங்களே மாத்தியிருக்கீங்களா? என் கதை இது, உங்க கதையையும் போடுங்க

முதல்லயே சொல்லிடறேன், நான் மெக்கானிக்கும் இல்ல, தையல் தெரிஞ்சவனும் இல்ல. என்னோடது துணிக் கூரையை (அதான் டாப்) மடிச்சுத் திறக்கற கன்வர்டிபிள் கார், வயசு இருபதைத் தாண்டியாச்சு, எஞ்சின் நல்லாத்தான் இருக்கு, ஆனா டாப்பை மூடினா உள்ள இருக்கிற லைனிங் துணி தொங்கித் தொங்கி, பின்சீட்டுல உட்கார்றவங்க தலையில உரச ஆரம்பிச்சுது, கொஞ்ச நாள்ல கண்ணாடியில பின்னாடி வர்ற வண்டியே பாதிதான் தெரியும், மீதி பாதி துணி. கதவை கொஞ்சம் வேகமா சாத்தினா மஞ்சளா மாவு மாதிரி ஒண்ணு தலைமேல கொட்டும்.

அந்த மாவுதான் நோயே. துணிக்குப் பின்னாடி மெல்லிசா, சுமார் 3 மி.மீ. கனத்துல பாலியூரித்தேன் ஸ்பாஞ்ச் ஒட்டியிருக்கும், சூடும் காத்துல இருக்கிற ஈரமும் சேர்ந்து வருஷக்கணக்குல அதை அரிச்சுப் பொடியாக்கிடும். எல்லாரும் பசை விட்டுப்போச்சுன்னு சொல்றோம், பல வண்டியில பசை அப்படியே கல்லு மாதிரி இருக்கும், ஸ்பாஞ்ச்தான் செத்துப்போயிருக்கும். அதனால பழைய துணியிலயே திரும்ப பசை அடிச்சா பொடிமேல ஒட்டின மாதிரிதான். இது எனக்கு எப்படித் தெரியும்? செஞ்சேன், ஒரு வாரம் நின்னுச்சு. அப்புறம் திருகாணி மாதிரி சுத்தி ஏத்துற பின் வாங்கிக் குத்தினேன். சாதாரண கார்ல அது ஓரளவுக்கு ஓடும், ஏன்னா துணிக்கு மேல அட்டை இருக்கு, பின் அதுல பிடிச்சுக்கும். கன்வர்டிபிள்ல மேல என்ன இருக்கு? வெளி டாப் துணிதான். ரெண்டு பின் அதுலயே இறங்கிடுச்சு, நல்லவேளை சீக்கிரம் கவனிச்சேன், இல்லன்னா நானே மழைக்கு ஓட்டை போட்டுக் கொடுத்திருப்பேன்.

குஷன் வேலை செய்யறவர்கிட்ட கேட்டேன். அவர் சொன்ன தொகை, வண்டியை இன்னைக்கு வித்தா வர்ற காசுல கால்வாசி. தப்பா சொல்லல அவர், வேலை அப்படி, அது இப்போதான் எனக்குப் புரியுது.

இது எப்படி மாட்டியிருக்குன்னு தெரியாம நான் இறங்கினேன், நீங்க இறங்காதீங்க. சாதாரண கார்ல உள்கூரை ஒரே அட்டை, கழட்டி வெளிய எடுத்து, பழைய ஸ்பாஞ்சைப் பிரஷ்ஷால தேய்ச்சு, புதுத்துணி ஒட்டி, திரும்ப மாட்டிடலாம். கன்வர்டிபிள்ல அட்டை கிடையாது, கூடாரம் மாதிரி. குறுக்கே வளைவுக் கம்பிகள் போகும், என் வண்டியில நாலு. ஸ்க்ரீன் துணியில கம்பி நுழைக்க மடிச்சுத் தைப்போமே, அந்த மாதிரி பட்டி துணியோட முதுகுல தைச்சிருக்கும், அதுல ஒல்லிக் கம்பி போட்டு வளைவுல தொங்க விட்டிருப்பாங்க. முன்பக்கம் கண்ணாடிக்கு மேல வந்து உட்கார்ற சட்டத்துல பசை, பின்பக்கம் கடைசி வளைவுல வரிசையா ஸ்டேப்ளர் பின். பக்கவாட்டுல சின்னச்சின்னதா எலாஸ்டிக் பட்டை. (இந்த எலாஸ்டிக்கை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வரும்.)

இன்னொண்ணு, எல்லா வண்டியிலயும் உள்பக்கமிருந்தே மாத்திட முடியாது. பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டில் கேப்ரியோலே, அதான் 1949லருந்து 1980 வரைக்கும் கார்மன் கம்பெனி கட்டிக்கொடுத்தது, அதுல முதல்ல லைனிங், அதுக்கு மேல மெத்தை, அதுக்கும் மேல வெளித்துணின்னு அடுக்கியிருக்கும். அதுல லைனிங்கை ஒழுங்கா மாத்தணும்னா வெளித்துணியைக் கழட்டியாகணும். என்னோடது உள்ளருந்தே வந்துச்சு, அது அதிர்ஷ்டம். துணி வாங்கறதுக்கு முன்னாடி படுத்துக்கிட்டு டார்ச் அடிச்சு, பின் எங்க இறங்கியிருக்கு, மேல எது கீழ எதுன்னு பாத்துக்கோங்க.

கழட்டறது ஒரு முழு ராத்திரி. பின் எல்லாம் துருப்பிடிச்சு, இழுத்தா தலை மட்டும் உடைஞ்சு கையில வருது, கால் உள்ளயே நிக்குது. மாஸ்க், கண்ணுக்குக் கண்ணாடி ரெண்டும் இல்லாம அந்த ஸ்பாஞ்ச் பொடிக்குக் கீழ படுக்காதீங்க, நான் மூணு நாள் இருமினேன். டாப் பாதி தூக்கின நிலையில நிக்கணும்னா மரக்கட்டை முட்டுக் கொடுங்க, டாப்பைத் தூக்கற பம்ப்பை நம்பிக் கையை நடுவுல விடாதீங்க, ஹைட்ராலிக் பிரஷர் மெதுவா இறங்கினா சட்டமும் மெதுவா இறங்கும், விரலுக்குத்தான் தெரியும்.

ஒவ்வொரு இடத்துலயும் மாஸ்கிங் டேப் ஒட்டி நம்பர் போட்டேன், போட்டோ எடுத்தேன், நடுக்கோடு சாக்பீஸ்ல போட்டேன். இவ்வளவு செஞ்சவன், ஒரு கம்பிக்கும் அடுத்த கம்பிக்கும் நடுவுல துணி எவ்வளவு தளர்வா இருந்துச்சுன்னு மட்டும் அளக்கல. தொங்கிப்போன துணியில என்ன அளவுன்னு விட்டுட்டேன். அந்த ஒரு அளவுலதான் மொத்த வேலையும் இருக்கு.

பேட்டர்னுக்குப் பழைய துணியேதான். இடது பாதியை மட்டும் தையல் பிரிச்சு, அயர்ன் பண்ணி, பேப்பர்ல வரைஞ்சேன், வலது பாதியை அப்படியே வச்சுக்கிட்டேன், எந்தத் துண்டு எதுமேல வருதுன்னு சந்தேகம் வரும்போதெல்லாம் அதைப் பார்க்கலாம். நடுப்பகுதி இழுபட்டுப் பெருசாயிருக்கும், தையல் ஓரம் அவ்வளவா இழுபட்டிருக்காது, அதனால ஓரத்தை நம்பினேன். புதுத்துணி பாலியஸ்டர் பின்னல் துணி, ஸ்பாஞ்ச் இல்லாதது. ஸ்பாஞ்ச் வச்சதுதான் பார்க்க அழகு, ஆனா மடியற இடத்துல கனம் கூடும், அதுவும் இல்லாம இன்னொரு தடவை அந்த மஞ்சள் மாவைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்ல. பழைய பெட்ஷீட் போதாதான்னு ஒரு நண்பர் கேட்டார். காட்டன் ஈரத்தை இழுத்து வச்சுக்கும், பூஞ்சை பிடிக்கும், வெயில்ல வெளுக்கும். வேணாம்.

தைச்சு முடிச்சு மாட்டினேன். முரசுத் தோல் மாதிரி விறைப்பா இழுத்து, ஒரு சுருக்கம் இல்லாம, அவ்வளவு அழகு! பின் எல்லாம் அடிச்சு முடிச்சு டாப்பை மூடப்போனா முன்பக்கக் கொக்கி ரெண்டு விரல்கடை எட்டல. சரி புதுசுதானே, இழுத்தா வந்துடும்னு தொங்கி இழுத்தேன். வந்துச்சு. கூடவே மூணாவது கம்பியோட தையலும் டர்ர்ருன்னு வந்துச்சு.

வீட்டுக் கூரைன்னா அசையாது, விறைப்பா இழுத்துக் கட்டலாம். இது மடிஞ்சு விரியற சாமான், விரியும்போது கம்பிகளுக்கு நடுவுல தூரம் மாறிக்கிட்டே இருக்கு. மூடி பூட்டின நிலையில என்ன தூரமோ அதுக்குத்தான் துணி. ரெண்டாவது தடவை ஒரு பின்கூட அடிக்கல, பேப்பர் கட்டுக்கு மாட்டற கறுப்பு கிளிப் ரெண்டு டஜன் வாங்கி, நடுவுலருந்து ஓரத்துக்குன்னு மாட்டிக்கிட்டே போனேன். மூடிப் பார்த்து, திறந்து பார்த்து, தளர்த்தி, மறுபடி மூடி, அஞ்சாறு தடவை. அப்புறம்தான் பின், அதுவும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பின், சாதாரணது துருப்பிடிச்சுத் துணியில பழுப்புக் கறை விடும்.

இப்போ எலாஸ்டிக் கதை. டாப் மடியும்போது பக்கவாட்டுத் துணியை உள்பக்கமா இழுத்து, கீல் வாயில சிக்காம பாத்துக்கறதுதான் அந்தப் பட்டையோட வேலை. என்னோடதுல அது உளுத்துப்போயிருந்துச்சு, ஏதோ பழைய குப்பைன்னு தூக்கிப் போட்டுட்டேன். முதல் தடவை முழுசா மடிச்சப்போ வலது கீல்ல துணி மாட்டி ஒரு அங்குலம் கிழிசல். குப்பையைக் கிளறி எடுத்து, அதே நீளத்துக்குப் புது எலாஸ்டிக் தைச்சேன்.

பசை முன்சட்டத்துல மட்டும். சூடு தாங்கற கான்டாக்ட் பசை, ரெண்டு பக்கமும் தடவி, தொட்டா கையில ஒட்டாத பதத்துக்கு 10-15 நிமிஷம் விட்டு அப்புறம் அழுத்தணும், அது ஒட்டினா ஒட்டினதுதான், நகர்த்த முடியாது. லைனிங்கை வெளித்துணியோட சேர்த்து மட்டும் ஒட்டாதீங்க. கேன்வாஸ் டாப்புன்னா அது பெரும்பாலும் மூணு அடுக்கு, நடுவுல ரப்பர், பசையில இருக்கிற கரைப்பான் அதுல ஊறினா அடுக்கு விட்டுக் கொப்புளம் வரும்.

மொத்தம் மூணு வாரக்கடைசி போச்சு. செலவு அவர் சொன்னதுல ஆறுல ஒரு பங்கு, கெடுத்த துணியையும் சேர்த்து. பின்பக்க இடது மூலையில ஒரு சுருக்கம் இருக்கு, அயர்ன் ஆவி காட்டி, வெயில்ல மூடி வச்சும் போகல.

* * *

தையல் பழக்கம் உள்ளவ, அதனால அந்தப் பக்கத்தை மட்டும் சொல்றேன். எங்க வீட்டுக்காரர் வண்டிக்கு நான்தான் தைச்சேன், சாதா வீட்டு மெஷின்லதான், 16ஆம் நம்பர் ஊசி. நூல் பாலியஸ்டர் போடுங்க, நைலான் வெயில்ல சீக்கிரம் வலு இழக்கும், காட்டன் நூல் பேச்சே வேண்டாம். தையல் நீளம் 4 மி.மீ. வைங்க. நெருக்கமா தைச்சா பலம்னு நினைக்கிறோம், இழுவை வர்ற துணியில நெருக்கமா ஊசி இறங்கினா தபால்தலை ஓரம் மாதிரி ஆயிடும், ஒரே இழுப்புல வரிசையா கிழியும். உங்க மூணாவது கம்பித் தையல் டர்ர்னு போனதுல பாதி காரணம் இதுவா இருக்கும்னு எனக்குத் தோணுது. அப்புறம் வெட்டறதுக்கு முன்னாடி துணியை நாலு பக்கமும் இழுத்துப் பாருங்க, நல்லா இழுபடற பக்கம் வண்டியோட அகலத்துக்கு வரணும், நீளத்துக்கு வந்தா கம்பிக்குக் கம்பி தொட்டில் கட்டின மாதிரி தொங்கும். நான் முதல்ல மாத்தி வெட்டிட்டேன், அந்தத் துணி இப்போ பைக் மூடற கவரா இருக்கு.

* * *

அண்ணே உங்க பதிவைப் பாத்ததும் எனக்கு வயிறு எரியுது, ஏன்னா நான் எல்லாத்தையும் ஒழுங்கா செஞ்சும் பதினஞ்சு நாள்ல கெடுத்துக்கிட்டேன். பழைய லைனிங்ல பின் கண்ணாடி ஓரமா டீக்கறை மாதிரி வட்டம் வட்டமா இருந்துச்சு, பழசுதானே அழுக்குன்னு நினைச்சு புதுசு மாட்டிட்டேன். முதல் மழையில அதே இடத்துல அதே வட்டம். அழுக்கு இல்ல, ஒழுகல். வெளி டாப்போட தையல்ல நூல் அத்துப்போயிருந்துச்சு, டாப் மடிஞ்சு உட்கார்ற பள்ளத்துல தண்ணி வெளியேற ஓட்டை இருக்கும் பாருங்க, அதுவும் இலையும் மண்ணும் அடைச்சுக் கிடந்துச்சு. லைனிங் கழட்டின நாள்லயே உள்ள ஒருத்தர் உட்கார்ந்து வெளிய ஒருத்தர் ஹோஸ்ல மெதுவா, கீழருந்து மேலன்னு தண்ணி விட்டிருந்தா அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சிருக்கும், அப்போதான் எல்லாம் திறந்து கிடக்கே! மேலருந்து விட்டீங்கன்னா தண்ணி வழிஞ்சு வந்து எங்க நுழையுதுன்னே தெரியாது. ப்ரஷர் வாஷர் வச்சு அடிக்காதீங்க, ஒழுகாத டாப்பும் ஒழுகும்.

* * *

நான் சோம்பேறி, லைனிங்கையே தூக்கிப் போட்டுட்டேன். மஸ்டா மியாட்டா 1989ல வந்தப்போ அதோட சாஃப்ட் டாப்புக்கு உள்ள லைனிங்கே கிடையாது, அது ஓடலையா, அப்போ நமக்கு மட்டும் எதுக்குன்னு ஒரு வாதம். ஓடுது, இல்லன்னு சொல்லல. ஆனா வேகம் ஏறினா காத்துச் சத்தம் காதைக் கிழிக்குது, குளிர் ராத்திரியில மூடி வச்சா காலையில கம்பியில தண்ணி முத்து முத்தா நிக்குது, மேல பார்த்தா கம்பியும் போல்ட்டும் கிரீஸும். மனைவி ஒரே தடவைதான் நிமிர்ந்து பாத்தா, அப்புறம் அவ வண்டியிலதான் போறோம். அடுத்த மாசம் துணி வாங்கணும்.

* * *

மேல சொன்னவருக்கு: கம்பி இப்போ வெளிய தெரியுது இல்ல, துணி வாங்கறதுக்கு முன்னாடி டாப்பை மூடிப் பூட்டிட்டு, ஒவ்வொரு கம்பிக்கும் நடுவுல எவ்வளவுன்னு இடது, நடு, வலது மூணு இடத்துல அளந்து எழுதிக்கோங்க. இடதும் வலதும் ஒண்ணா இருக்கும்னு நம்பாதீங்க. என்னோடதுல நேத்துதான் அளந்தேன், பின்பக்கம் இடதுல ஒரு செ.மீ. குறைவு, சட்டமே லேசா வளைஞ்சிருக்கு. அந்தச் சுருக்கம் ஏன் போகலன்னு ரெண்டு மாசம் துணியைத் திட்டிக்கிட்டு இருந்தேன். தையல் சொன்னவங்களுக்கு நன்றிங்க, என் தையல் நீளம் பாத்தேன், 2 மி.மீ.