கட்டி திரும்ப வந்தால் அதற்கு என்ன சொல்?

மொழிபெயர்ப்பாளர்:
வாயில் புற்றல்லாத கட்டி எடுத்தவர்களுக்கான துண்டறிக்கை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. எடுத்த இடத்திலேயே கட்டி திரும்ப வருவதைப் பழைய வரைவு 'மீட்சி' என்கிறது. "ஐந்தாண்டுக்குள் மீட்சி காணலாம்" என்று படித்தால் குணமாகிவிடும் என்றுதானே நினைப்பார்கள்?

தமிழாசிரியர்:
மீள்கட்டி. வினைத்தொகை. மீண்ட, மீள்கின்ற, மீளும் என முக்காலமும் அடங்கும்.

வாய் அறுவை மருத்துவர்:
ஐயா, அதுதான் சிக்கலே. வந்துவிட்டதா, வரக்கூடுமா என்பது நோயாளிக்குப் பிரிந்து தெரிய வேண்டும். காரணமும் ஒன்றல்ல. பொருந்தாத பல்செட் உராய்ந்து வந்த நார்க்கட்டி, பல்செட்டைச் சரிசெய்யாவிட்டால் திரும்ப வரும். பல்லை உருவாக்கும் திசுவிலிருந்து தாடை எலும்பில் வளரும் அமெலோபிளாஸ்டோமா கட்டி அப்படியல்ல. சுரண்டி எடுத்தால் தாடை எலும்பின் நுண்ணிடைகளில் செல்கள் தங்கிவிடும். அதனால்தான் எக்ஸ்ரேயில் தெரியும் எல்லையைத் தாண்டி 1 முதல் 2 செ.மீ. எலும்பையும் சேர்த்து எடுப்பது. திரும்ப வருபவற்றில் பாதிக்கு மேல் முதல் 5 ஆண்டில் வரும். 10 ஆண்டு கழிந்தும் வருவதுண்டு. தொடக்கத்தில் வலிக்காது, ஓபிஜி என்ற முழுத் தாடை எக்ஸ்ரே எடுத்தால்தான் தெரியும்.

வேளாண் அகராதிக்காரர்:
எஞ்சியதிலிருந்து தழைப்பதற்குச் சொல் இருக்கிறதே! மறுதாம்பு. அறுத்த கரும்பின் கட்டையிலிருந்து கிளம்புவது. கன்றைக் கட்டும் தாம்பும் இதுவும் ஒரே வேரா என்பது தனிக் கேள்வி. அதைப் பிறகு எழுதுகிறேன்.

மொழிபெயர்ப்பாளர்:
மறுதாம்பு உழவருக்கு லாபம். நோயாளிக்கு? நகரத்தில் அந்தச் சொல்லே புரியாது. 'மறுவளர்ச்சி' போதுமே.

தமிழாசிரியர்:
மறு என்றால் மச்சம், களங்கம். நிலவின் மறு. "மச்சம் வளர்கிறது" என்று படிக்கலாமா? போதாக்குறைக்கு, தட்டச்சில் றகரம் ரகரமானால் 'மருவளர்ச்சி' ஆகிவிடும். பல் ஈறில் மருவையும் சேர்த்துத் தேடுவார்கள்.

வேளாண் அகராதிக்காரர்:
மறுபிறவி, மறுமணம் என்பவற்றில் யாரும் மச்சம் தேடுவதில்லை.

மருத்துவர்:
எந்தச் சொல்லானாலும், எது மறுவளர்ச்சி இல்லை என்பதையும் எழுதுங்கள். முதல் வாரம் புண்மேல் படியும் மஞ்சள் வெள்ளைப் படலம் ஆறுவதற்கான அடையாளம். கட்டி என்று நினைத்துச் சுரண்டி ரத்தக் கசிவோடு வருகிறார்கள். அண்ணத்துப் புண்ணைத் தைக்காமல் விட்டால் இது இன்னும் அதிகமாகத் தெரியும். பயாப்சி (திசுப் பரிசோதனை) அறிக்கையைப் பத்திரமாக வைக்கச் சொல்லும் வரியையும் வெட்டாதீர்கள். எத்தனை ஆண்டு வரச் சொல்வது என்பதை அந்த அறிக்கையை வைத்துத்தான் முடிவு செய்கிறோம்.

மொழிபெயர்ப்பாளர்:
தலைப்பில் 'மறுவளர்ச்சி', உள்ளே 'கட்டி மீண்டும் வளர்தல்'. ஆசிரியரைத் தவிர யாரும் மறுக்காததால் அனுப்புகிறேன்.

தமிழாசிரியர்:
அனுப்புங்கள். மீள்கட்டியே சரி என்பதைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.