சைக்கிள் பின் லைட்டுக்கு 20 யூரோ அபராதம், அவசரம்! (பெர்லின்)

புதுசா_வந்தவன்: வணக்கம். வந்து அஞ்சு வாரம்தான் ஆகுது. நேத்து ராத்திரி போலீஸ் நிறுத்தி 20 யூரோ வாங்கிட்டாங்க. பின்னாடி லைட் நல்லாத்தான் எரியுது, ஆனா தப்பான லைட்டாம். நாளைக்குக் காலைல 6 மணி ஷிஃப்ட். எதை வாங்கணும்? விசாவுக்கு ஏதாவது ஆகுமா?

மியூனிக்_மாப்பிள்ளை: லைட்டை விடுங்க, பூட்டு எப்படி? பெர்லின்ல லைட்டுக்கு முன்னாடி சைக்கிள் காணாமப் போகும். ஹெல்மெட்டும் வாங்குங்க.

வெடிங்_அக்கா: ஹெல்மெட் இங்க கட்டாயம் இல்லை. தம்பி, விசாவுக்கு ஒன்னும் ஆகாது. 60 யூரோவுக்குக் கீழ உள்ள அபராதம் ஃப்ளென்ஸ்புர்க்ல இருக்குற போக்குவரத்துக் குற்றப் பதிவேட்டுக்கே போகாது. லைட் மினுக் மினுக்னு எரியுமா? அதான் காரணமா இருக்கும். சைக்கிள்ல பொருத்துற லைட் மினுக்கக் கூடாது.

ஹாம்பர்க்_செல்வா: யார் சொன்னா? பாதிப் பேர் மினுக்கிக்கிட்டுத்தான் போறாங்க. லூமன் (வெளிச்ச அளவு) அதிகமா உள்ளதா வாங்குங்க.

டோர்ட்முண்ட்_அண்ணை: தம்பி, லூமனைப் பாக்காதேங்கோ, அது பின்னால வாறவனுக்குக் கண்ணைக் கூசும். லைட்டின்ர உடம்பில அலை மாதிரி ஒரு கோடு, பக்கத்தில கே எழுத்து, பிறகு நம்பர் இருக்கோ எண்டு பாருங்கோ, அதுதான் அனுமதி முத்திரை. அதில்லாட்டி இஞ்ச செல்லாது. சக்கரம் சுத்தேக்க கரண்ட் தாற டைனமோதான் நல்லது.

ஹாம்பர்க்_செல்வா: டைனமோ கட்டாயம்ங்கிற விதி 2013லயே போச்சு. பேட்டரி போதும்.

டோர்ட்முண்ட்_அண்ணை: குளிருக்க பேட்டரி கெதியா இறங்கும். சார்ஜ் போட மறந்தால் திரும்ப 20 யூரோ.

மியூனிக்_மாப்பிள்ளை: 20 யூரோவுக்கே இப்படியா? டிவியே இல்லாத வீட்டுக்கு மாசம் 18.36 யூரோ ஒலிபரப்புக் கட்டணம் வருமே, அப்ப தெரியும்.

ஹாம்பர்க்_செல்வா: ஞாயித்துக்கிழமை ஒரு கடையும் கிடையாது. நாலு மணிக்கே இருட்டு. என்ன ஊரோ.

வெடிங்_அக்கா: புலம்பினது போதும். தம்பி, முன் சக்கரத்தோட நடுவுல தடிமனா உருளை மாதிரி இருக்கா? கேரியருக்கு அடியில வயர் போகுதா?

புதுசா_வந்தவன்: பழைய சைக்கிள்தான். உருளை இருக்கு. ஒரு வயர் சும்மா தொங்குது. மினுக்குற லைட்டை நான்தான் சீட்டுக்கு அடியில மாட்டினேன். கேரியர்ல ஏற்கெனவே ஒரு சிவப்பு லைட் இருக்கு, அது எரியாது.

வெடிங்_அக்கா: இதை முதல்லயே சொல்லக் கூடாதா! அந்த உருளைதான் டைனமோ. கடைக்கே போக வேண்டாம். முன் சக்கரத்தைத் தூக்கிச் சுத்துங்க. முன் லைட் எரிஞ்சா டைனமோ நல்லாயிருக்கு, கோளாறு வயர்ல. பின் லைட்டுல ரெண்டு தகட்டு முனை இருக்கும், குளிர்காலத்துல ரோட்டுல போடுற உப்புல அது துருப்பிடிக்கும். உப்புத்தாள் போட்டுச் சுரண்டிட்டு வயரை அழுத்திச் சொருகுங்க. ரெண்டு வயரோட செம்பும் ஒன்னோட ஒன்னு தொடக் கூடாது, தொட்டா முன் லைட்டும் சேர்ந்து அணையும். மட்கார்டு உரசுற இடத்துல வயர் அறுந்திருக்கான்னும் தடவிப் பாருங்க. சீட்டுக்கு அடியில இருக்குறதைக் கழட்டிடுங்க, நீளக் கோட்டு போட்டா அது எப்படியும் மறைஞ்சிடும்.

புதுசா_வந்தவன்: எரியுது அக்கா!! ஆனா சக்கரம் நின்ன உடனே அணைஞ்சிடுது.

டோர்ட்முண்ட்_அண்ணை: அதில ஸ்டாண்ட்லிஹ்ட் (நிண்டாலும் எரியிற வசதி) இல்லை. சிக்னல்ல நிக்கேக்க இருட்டா நிப்பீங்கள், கவனம்.

வெடிங்_அக்கா: நாளைக்கு இதோட போங்க, சிக்னல்ல ஓரமா நில்லுங்க. ஷிஃப்ட் முடிஞ்சு ஸ்டாண்ட்லிஹ்ட் உள்ள டைனமோ பின் லைட் ஒன்னு வாங்குங்க, நின்னாலும் சில நிமிஷம் எரியும். ஈ-பைக் லைட் வேண்டாம், இந்த டைனமோவுல வேலை செய்யாது. போறதுக்கு முன்னாடி கேரியர்ல ரெண்டு திருகு ஓட்டைக்கும் நடுவுல அளந்துக்கோங்க, புது லைட் அதுல பொருந்தணும்: 50 மில்லிமீட்டரா, 80 மில்லிமீட்டரா?

புதுசா_வந்தவன்: ஸ்கேல் இல்லை. பக்கத்து ரூம்ல கேட்டுட்டு வர்றேன்.