சி6 தண்டுவடக் காயம்: விரல்களை நீட்டி விடுவதா, இறுக விடுவதா?

கேள்வி
சி6 (கழுத்துத் தண்டுவடத்தின் ஆறாம் மட்டம்), ஏஐஎஸ் ஏ (ஆசனவாய்ப் பகுதியில் உணர்வோ அசைவோ இல்லாத முழுமையான காயம்). காயம்பட்டு 6 வாரம். மணிக்கட்டை மேலே தூக்கும் தசை பலம் 5க்கு வலதில் 4, இடதில் 2. விரல்களில் அசைவே இல்லை. வீட்டார் தினமும் மணிக்கட்டையும் விரல்களையும் சேர்த்துப் பின்னோக்கி நீட்டுகிறார்கள். தொடரலாமா? எந்தக் கைக்கு என்ன ஸ்பிளின்ட் (கையைத் தாங்கும் அச்சு)?

பதில் 1
அந்த நீட்டலை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். மணிக்கட்டு மேலே எழும்போது விரல் மடக்கும் தசைநாண்கள் இழுபட்டு விரல்கள் தானாக மூடும், கட்டைவிரல் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் படியும். மணிக்கட்டு தொங்கினால் திறக்கும். இந்த டெனோடீசிஸ் பிடிதான் இவருக்குக் கிடைக்கப்போகும் பிடி. இரண்டையும் ஒருசேர நீட்டினால் நாண் தளர்ந்து பிடி வலுவிழக்கும். மணிக்கட்டைத் தொங்கவிட்டு விரல்களை நீட்டணும், மணிக்கட்டைத் தூக்கி விரல்களை மடக்கணும். இப்படித்தான் செய்யணும்.

வலது கை பகலில் ஸ்பிளின்ட் இல்லாமல் வேலை செய்யட்டும். இடது கையைப் பொறுத்தவரை மோட்டார் லெவல் (தசை பலம் 3க்குக் குறையாத கடைசி மட்டம்) சி5தான். 'சி6' என்று ஒரே வார்த்தையில் எழுதினால் இது மறைந்துவிடும். சாப்பிட, எழுத மணிக்கட்டைத் தாங்கும் ஸ்பிளின்டோடு யுனிவர்சல் கஃப் (கரண்டி, பேனாவைச் செருகிக்கொள்ளும் உள்ளங்கைப் பட்டை) கொடுங்கள். நாள் முழுக்கப் பூட்டி வைக்க வேண்டாம். புவியீர்ப்பை எதிர்க்காதபடி கையை மேசையில் பக்கவாட்டில் கிடத்தி அசைவைப் பயிற்றுங்கள். பலம் 3 தாண்டினால் தாங்கலைக் குறைக்கலாம்.

பதில் 2
ஒரு மறுப்பு. அந்த 'ஏ' எப்போது போட்டது? ஆரம்ப நாட்களின் மதிப்பீடு என்றால் திரும்பப் பாருங்கள். எஸ்4-5ல் (ஆசனவாய்ப் பகுதி நரம்புகள்) உணர்வு தெரிந்தாலோ, விரலில் துடிப்பு தென்பட்டாலோ, பிடிக்காக விரல் நாணை இறுக விடும் முடிவைத் தள்ளிப்போடுங்கள். விரல் மடக்கும் தசை திரும்பி, நீட்டும் தசை திரும்பாமல் போனால் இறுகிய கையைத் திறக்கவே முடியாது.

இறுக வேண்டியது நாண், மூட்டு அல்ல. மணிக்கட்டு மடங்கிய நிலையில் ஒவ்வொரு விரல் மூட்டும் முழுதாக நேராகணும். நேராகாவிட்டால் அளவு மீறிவிட்டது. பின்னாளில் நாண் மாற்று அறுவைக்கும் (வேலை செய்யும் தசையின் நாணை வேறிடத்தில் பொருத்துவது) மூட்டுகள் இளகி இருப்பது அவசியம்.

பதில் 3
விரலிலேயே நிற்காமல் முழங்கையையும் பாருங்கள். முழங்கையை மடக்கும் பைசெப்ஸ் இழுக்கும், எதிர்த்து நீட்ட ட்ரைசெப்ஸ் இல்லை. முழங்கை மடங்கியே இறுகினால் முழங்கையை நேராகப் பூட்டி, கையை ஊன்றி வீல்சேருக்கு இடம்மாறுவது நடக்காது. ஊன்றும்போது விரல்கள் மடங்கியே இருக்கட்டும். உள்ளங்கையை விரித்து ஊன்றினால் மேலே சொன்ன அதே நாண்தான் இழுபடும்.

புது ஸ்பிளின்டை 20 நிமிடத்தில் கழற்றித் தோலைப் பாருங்கள், குறிப்பாகச் சுண்டுவிரல் பக்க மணிக்கட்டு எலும்பு மேட்டை. அங்கே வலி தெரியாது. சிவப்பு அரை மணியில் மறையாவிட்டால் அந்த இடத்தை விரித்து வார்க்கணும்.

இடது கையால் முதலில் எதைச் செய்ய ஆசைப்படுகிறார் என்று அவரையே கேட்டீர்களா? வீல்சேரைத் தள்ளுவது என்றால் கஃப் உதவாது.