காணாமற்போன தாய்மாமாவைத் தேட, பதவி பறிபோன துப்பறிவாளரை அமர்த்தலாமா?

செந்தூல் மருமகன்:
வணக்கம். என் தாய்மாமா கோலாலம்பூருக்கு வெளியே ஒரு தனியார் குதிரை லாயத்தில் நெடுங்காலமாக சைஸ், அதாவது குதிரைப் பராமரிப்பாளர், வேலை பார்த்தவர். தடைதாண்டும் போட்டிக் குதிரைகள் அவர் பொறுப்பில் இருந்தன. அவற்றுள் விலை உயர்ந்த ஒன்று இரவோடு இரவாக இறந்தது. வயிற்றுவலியால் இறந்தது என்று நிர்வாகம் சொன்னது. அடுத்த வாரமே மாமாவைக் காணவில்லை. அவர் அறையைத் திறந்து பார்த்தபோது, குதிரைகளின் கால்களில் சுற்றும் பட்டித்துணிகள் துவைத்துச் சுருட்டி அடுக்கப்பட்டிருந்தன. அவருடைய இரத்த அழுத்த மாத்திரையும் மூக்குக் கண்ணாடியும் சன்னல் கட்டை மேல் கிடந்தன. கண்ணாடி இல்லாமல் அவரால் பேருந்து எண்ணைக்கூடப் படிக்க முடியாது.

போலீசில் புகார் செய்துவிட்டோம். வயது வந்த ஆள், வேறு ஊருக்கு வேலைக்குப் போயிருப்பார் என்ற பதிலைத் தாண்டி எதுவும் நகரவில்லை. இந்நிலையில் முன்னாள் குற்றப் புலனாய்வு அதிகாரி ஒருவர் உதவ முன்வந்திருக்கிறார். கையூட்டு விவகாரத்தில் பதவி நீக்கப்பட்டவர் அவர். அம்மா அவரை நம்புகிறார். அப்பாவோ அந்த ஆளை வாசற்படி ஏறவிடக் கூடாது என்கிறார். உங்கள் கருத்துகளைக் கூறுங்கள்.

வழக்குக்கட்டு சுமந்தவர்:
தம்பி, உங்கள் அப்பா சொல்வதே சரி. பிறருக்காகப் பணம் வாங்கிக்கொண்டு துப்பறிவதற்கு, 1971ஆம் ஆண்டுத் தனியார் முகமைகள் சட்டத்தின்படி உள்துறை அமைச்சின் உரிமம் வேண்டும். அந்த மனிதரிடம் அது இருக்கிறதா என்பதை முதலில் கேளுங்கள்; இல்லையென்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். உரிமம் இருந்தாலும் எனக்குத் தயக்கம்தான். நாளை இது நீதிமன்றத்திற்குப் போனால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அவரிடம் கேட்கும் முதல் கேள்வி குதிரையைப் பற்றியதாக இருக்காது, அவரைப் பதவி நீக்கிய உத்தரவைப் பற்றியதாகத்தான் இருக்கும். சாட்சியின் நம்பகத்தன்மையை ஆட்டிப்பார்க்கும் கேள்விகளை, அவை அவருடைய நடத்தையைக் குறைத்துக் காட்டினாலும், கேட்பதற்கு 1950ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 146ஆம் பிரிவு இடம் தருகிறது. அவர் உண்மையையே கண்டுபிடித்துக் கொண்டுவந்தாலும், அவர் வாயால் வருவதாலேயே அந்த உண்மைக்கு மதிப்பு குறைந்துவிடும்.

பத்து கந்தோங் பெண்:
ஐயாவின் சட்ட அறிவை மதிக்கிறேன். ஆனால் லாயத்தின் உட்புறம் அவருக்குத் தெரியாது என்றே நினைக்கிறேன். என் அப்பா பினாங்குப் பந்தயத் திடலில் சைஸாக இருந்தவர். லாயத்தில் யார் எப்போது வந்தார்கள், எந்தக் குதிரைக்கு எவர் ஊசி போட்டார்கள், எந்த முதலாளி கடனில் இருக்கிறார் என்பதெல்லாம் சைஸ்களுக்குத்தான் தெரியும். அவர்கள் சீருடைக்காரரைக் கண்டால் வாய் திறக்க மாட்டார்கள். தங்கும் இடமும் முதலாளியுடையது, வெளிநாட்டுத் தொழிலாளியாக இருந்தால் வேலை அனுமதியும் முதலாளியின் பெயரில் இருக்கிறது. வாயைத் திறந்தால் அன்றிரவே தெருவில் நிற்க வேண்டும். பதவியும் பெயரும் போன ஒருவர் அவர்களோடு தேநீர்க் கடையில் உட்கார்ந்தால், இழப்பதற்கு ஒன்றும் இல்லாத ஆள் என்று அவர்கள் நம்பிப் பேசக்கூடும். பாம்பின் கால் பாம்பறியும்.

இன்னொன்று, நாள் கடத்தாதீர்கள். 2025 மே மாதத்துடன் பினாங்கில் பந்தயம் நின்றபின், அப்பாவோடு வேலை பார்த்தவர்கள் எங்கெங்கோ சிதறிப்போனார்கள். லாயத்து ஆட்கள் இன்றைக்கு இருக்கும் இடத்தில் நாளைக்கு இருக்க மாட்டார்கள்.

சவாரி பழகும் பிள்ளையின் தாய்:
ஒரு சிறு எச்சரிக்கை. குதிரைகள் வயிற்றுவலியால் இறப்பது மிகச் சாதாரணமாக நடப்பது. நன்றாகக் கவனிக்கப்படும் குதிரையும் சில மணி நேரத்தில் போய்விடும். எனவே மரணத்தையே குற்றமாக எண்ணித் தொடங்க வேண்டாம். அனைத்துலகப் போட்டிகளுக்குப் பதிவான குதிரையென்றால் அதற்குக் கடவுச்சீட்டும், கழுத்தில் மின்னணுச் சில்லும் இருக்கும். இறந்தது அதே குதிரைதானா என்பதைச் சில்லின் எண்ணே சொல்லிவிடும். அதற்குத் துப்பறிவாளர் தேவையில்லை, கால்நடை மருத்துவர் எழுதிய அறிக்கை போதும்.

கிள்ளான் வாசகர்:
இதற்கு மிக நெருக்கமான வழக்கு ஒன்று அமெரிக்காவில் நடந்திருக்கிறது. மிட்டாய் நிறுவனக் குடும்பத்தின் செல்வக் கைம்பெண் ஹெலன் பிராக், 1977 பிப்ரவரி 17 அன்று மினசோட்டாவின் மாயோ மருத்துவமனையிலிருந்து புறப்பட்ட பின் காணாமற்போனார். அவருடைய உடல் இன்றுவரை கிடைக்கவில்லை. 1984இல் சட்டப்படி இறந்தவராக அறிவிக்கப்பட்டார். பல ஆண்டுகள் கழித்து வழக்கை மீண்டும் கையிலெடுத்த கூட்டரசுப் புலனாய்வாளர்கள், அவருக்குக் குதிரைகளைக் கொள்ளை விலைக்கு விற்ற ரிச்சர்ட் பெய்லியின் வட்டாரத்தைத் துருவியபோது, யாரும் எதிர்பாராத வேறொன்று வெளிப்பட்டது. காப்பீட்டுப் பணத்துக்காகப் போட்டிக் குதிரைகளைக் கொல்வதையே டாமி பர்ன்ஸ் என்பவர் தொழிலாகச் செய்துவந்தார். மின்கம்பியைப் பிளந்து, இரண்டு கவ்விகளைப் பொருத்தி, குதிரையின் உடலில் மாட்டி மின்சாரம் பாய்ச்சுவார். வெளிக்காயம் ஏதும் தெரியாது. மருத்துவர் வயிற்றுவலி என்று எழுதிவிட்டுப் போவார்.

அவர் பிடிபட்ட விதத்தைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். 1991 பிப்ரவரியில் ஃபுளோரிடாவில் ஸ்ட்ரீட்வைஸ் என்ற குதிரையைக் கொல்ல அவருக்குப் பணம் பேசப்பட்டது. அதன் காப்பீட்டில் வயிற்றுவலி மரணத்துக்கு இழப்பீடு இல்லை என்பதால் கம்பி உதவாது. ஆகவே அவருடைய கூட்டாளி கடப்பாரையால் குதிரையின் காலை உடைத்தார். இவர்களை முன்பே பின்தொடர்ந்த அதிகாரிகள் அன்றிரவே இருவரையும் பிடித்தார்கள். பர்ன்ஸ் வாயைத் திறந்தார். 1994இல் 23 பேர் மீது குற்றஞ்சாட்டப்பட்டது. காணாமற்போன பெண்ணைத் தேடியவர்களுக்குப் பெண் கிடைக்கவில்லை, ஆனால் காப்பீட்டுப் பத்திரத்தைப் பிடித்துக்கொண்டு போனபோது ஒரு கூட்டமே அகப்பட்டது. மருமகனே, நீங்கள் யாரை அமர்த்தினாலும் முதலில் அந்தக் குதிரைக்கு எவ்வளவு காப்பீடு, எப்போது எடுத்தது, அது எவற்றுக்கெல்லாம் பொருந்தாது என்று பார்க்கச் சொல்லுங்கள்.

வழக்குக்கட்டு சுமந்தவர்:
கிள்ளான் வாசகர் தம் வாதத்தையே தாம் உடைக்கிறார் என்பதை அன்புடன் சுட்டிக்காட்டுகிறேன். பர்ன்ஸ் பேசியதற்குக் காரணம், அவரைப் பிடித்தவர்களிடம் கைது செய்யும் அதிகாரம் இருந்ததும், அரசு வழக்கறிஞரால் அவரோடு பேரம் பேச முடிந்ததும்தான். பதவி போன இன்ஸ்பெக்டரால் எதை வைத்துப் பேரம் பேச முடியும்? பழைய நண்பர்களிடம் தொலைபேசிப் பதிவுகளை இரகசியமாக வாங்குவதுதான் அவருக்குத் தெரிந்த வழியாக இருக்கும். அப்படி வாங்கினால் கொடுத்தவர், வாங்கியவர், பணம் தந்த உங்கள் அம்மா என மூவருமே சிக்கலில் மாட்டுவீர்கள். பாம்பின் காலைப் பாம்பு அறியட்டும்; கடிபடப் போவது உங்கள் குடும்பம். பெய்லிக்கு 1995இல் 30 ஆண்டுச் சிறை கிடைத்தது உண்மை, ஆனால் அவரைக் கொலைக் குற்றவாளி என்று எந்த ஜூரியும் தீர்ப்பளிக்கவில்லை; மோசடிக் குற்றங்களை ஒப்புக்கொண்டவருக்கு, கொலைச் சதியில் அவருக்குப் பங்கிருந்தது என்று நீதிபதி முடிவு செய்து விதித்த தண்டனை அது. அவ்வளவு அதிகாரம் இருந்தும் அவர்களால் எட்ட முடிந்தது அந்த எல்லை வரைதான்.

பத்து கந்தோங் பெண்:
ஐயா, பர்ன்ஸ் யோக்கியரா? குதிரைகளைக் கொன்றவரின் வாக்குமூலத்தில்தான் அந்த வழக்கே நின்றது. நம் சாட்சியச் சட்டத்தின் 133ஆம் பிரிவும் உடந்தையாளரைத் தகுதியான சாட்சி என்றே சொல்கிறது. களங்கம் உள்ளவரைச் சட்டமே முற்றாக ஒதுக்காதபோது, நாம் ஏன் ஒதுக்க வேண்டும்?

வழக்குக்கட்டு சுமந்தவர்:
அதே சட்டத்தின் 114ஆம் பிரிவையும் சேர்த்துப் படியுங்கள், அம்மா. முக்கிய விவரங்களில் வேறு ஆதாரம் துணை நிற்காவிட்டால் உடந்தையாளரை நம்பத் தகாதவராக நீதிமன்றம் கருதலாம் என்று அங்கே இருக்கிறது. மேலும் உடந்தையாளர் தாம் செய்ததையும் கண்டதையும் சொல்கிறார். உங்கள் துப்பறிவாளர் சொல்லப் போவது பிறர் தம்மிடம் சொன்னதை. அது வெறும் செவிவழிச் செய்தி.

செந்தூல் மருமகன்:
அனைவருக்கும் நன்றி. நேற்று அவரை நேரில் பார்த்தேன். உரிமம் இல்லை என்று அவரே ஒப்புக்கொண்டார். உரிமம் உள்ள ஒரு நண்பருக்குக் கீழ் வேலை செய்யலாம் என்றார். அந்த உரிமத்தைக் கண்ணால் பார்க்காமல் ஒரு வெள்ளிகூடக் கொடுக்கக் கூடாது என்று அப்பாவும் அம்மாவும் முதன்முறையாக ஒரே பேச்சில் நிற்கிறார்கள். தொலைபேசிப் பதிவு வேண்டாம் என்று நான் முகத்துக்கு நேரே சொன்னதும் அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் குதிரை இறந்த இரவு லாயத்தில் யார் காவல் என்று அவர் கேட்டார். அந்தக் கேள்வியை இதுவரை எந்த அதிகாரியும் எங்களிடம் கேட்டதில்லை.

பத்து கந்தோங் பெண்:
காவலாளி யார் என்று தெரியுமா?

செந்தூல் மருமகன்:
நேப்பாளத்துக்காரர் ஒருவர். மாமா காணாமற்போன பிறகு அவரும் அங்கே வேலையில் இல்லை.

வழக்குக்கட்டு சுமந்தவர்:
அப்படியானால் இன்றே காவல் நிலையம் சென்று, காவலாளியைப் பற்றியும், மாமா மாத்திரையையும் கண்ணாடியையும் விட்டுச் சென்றதைப் பற்றியும் இரண்டாவது புகார் எழுதிக்கொடுங்கள். நகல் ஒன்றை வழக்கறிஞரிடம் வைத்துவிடுங்கள். அந்த மனிதரை அமர்த்துவதை நான் இப்போதும் எதிர்க்கிறேன். அவர் கேட்ட கேள்வியைப் புகாரில் சேர்ப்பதற்கு எனக்கு மறுப்பில்லை.