பின்னிய பொம்மையும் அந்த நூல் முனையும்

உப்புவெளிப் பின்னற்காரி:
"வீட்டில் கொக்கி ஊசியால் (குரோஷே) பின்னிய பொம்மையைப் பூனைக்குக் கொடுப்பது அறியாமை, ஒரு நூல் முனை போதும், உயிர் போய்விடும்" என்று நேற்று ஒருவர் இங்கே எழுதியிருக்கிறார். வாசித்ததிலிருந்து எனக்குக் கோபம் அடங்கவில்லை. பின்னலில் ஒரு கண்ணிகூடப் போட்டறியாதவர் எங்களுக்குப் பாடம் எடுக்கிறாரா? முடிக்கும்போது நூல் முனையைத் தடித்த ஊசியில் கோத்து, திசை மாற்றி மாற்றிக் கண்ணிகளுக்குள் ஓட்டி, மிச்சத்தைப் பொம்மையின் வயிற்றுக்குள் இழுத்துவிடுகிறோம். அதை எந்தப் பூனை தோண்டி எடுக்கும்?

துறைமுகத்தான்:
எழுதியவன் நான்தான் அக்கா. நேராகவே திட்டுங்கள். பூனையின் நாக்கு முட்கள் தொண்டைப் பக்கம் சாய்ந்தவை. வாய்க்குள் போன நூலைத் துப்ப அதற்கு எளிதில் முடியாது, விழுங்கத்தான் வரும். ஒரு முனை நாக்கின் அடியில் சிக்கிக்கொள்ள, மற்றது குடலுக்குள் இறங்கினால், குடல் அந்த நூலிலேயே சுருங்கி மடிந்து கிழிந்துவிடும். என் பூனையின் வயிற்றைத் திறந்துதான் நூலை எடுத்தார்கள்.

உப்புவெளிப் பின்னற்காரி:
உங்கள் பூனைக்காக உண்மையாகவே வருந்துகிறேன். ஆனால் அது விழுங்கியது பின்னிய பொம்மையையா, தரையில் கிடந்த நூலையா? அதைச் சொல்லாமல் ஏன் நழுவுகிறீர்கள்? கொக்கிப் பின்னலில் ஒரு கண்ணி முடிந்த பிறகே அடுத்தது தொடங்கும். கடைசிக் கண்ணியைப் பூட்டிவிட்டால் முனையைப் பிடித்து இழுத்தாலும் உருவிக்கொண்டு வராது. இரண்டு ஊசிப் பின்னலில்தான் ஒரு கண்ணி நழுவினால் வரிசையாகக் கீழே இறங்கும். நூல் சுற்றிய தாளில் 4 மில்லிமீட்டர் ஊசி என்று போட்டிருந்தால் பொம்மைக்கு நான் 3 மில்லிமீட்டரை எடுப்பேன். அவ்வளவு இறுக்கத்தில் பஞ்சுகூட வெளியே தெரியாது. கண்ணுக்குப் பொத்தான் வைப்பதில்லை, கறுப்பு நூலால் தைத்துவிடுவேன்.

துறைமுகத்தான்:
ஊசி அளவை யார் கேட்டார்கள்? பூனைக்கு நகமும் பல்லும் இருக்கின்றன. நடுவில் ஓர் இழை அறுந்தால் அந்த இடத்தில் இரண்டு புது முனைகள். அவற்றை எந்த வயிற்றுக்குள் இழுத்துவிடுவீர்கள்?

மூதூர் வாசகன்:
பொம்மையை விடுங்கள், இங்கே சிலர் பின்னிப் படம் போடும் நாய்ப் போர்வைக்கு வாருங்கள். ஆனி, ஆடியில் கச்சான் காற்று அனலாக வீசும் ஊரில் நாய்க்கு அக்ரிலிக் என்ற செயற்கை நூலில் போர்வையா? நாயின் இயல்பான உடல் வெப்பமே 38 பாகை செல்சியஸுக்கு மேல். மூச்சிரைத்துத்தான் அது சூட்டைத் தணிக்கிறது. ஒருவரும் ஆசைப்பட்டுக் கேட்காத போர்வையைப் போர்த்திப் படம் எடுத்துப் போடுவது நாய்மீது உள்ள அன்பு அல்ல, படத்தின்மீது உள்ள அன்பு.

நிலாவெளித் தங்கை:
ஐயா, போர்த்துவதற்கு என்று யார் சொன்னது? கீழே விரிப்பதற்கு. கார்த்திகை, மார்கழி மழையில் சீமெந்துத் தரை ஈரமாகக் குளிர்ந்து கிடக்கும்போது கிழட்டு நாய் எங்கே படுக்கும்? நான் பருத்தி நூலில்தான் பின்னுகிறேன்.

உப்புவெளிப் பின்னற்காரி:
தங்கச்சி, பருத்தியை அந்த மழையில் துவைத்துப் பாருங்கள். தண்ணீரைக் குடித்துக் கனத்து, காயாமல் நாற்றமெடுக்கும். அக்ரிலிக் விரைவில் உலர்ந்துவிடும். அனுபவம் இல்லாமல் எழுதக் கூடாது.

நிலாவெளித் தங்கை:
அனுபவமா? போன பொங்கல் விற்பனையில் உங்களிடம் வாங்கிய சிவப்புப் போர்வை முதல் துவைப்பிலேயே சாயம் விட்டது. கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை.

உப்புவெளிப் பின்னற்காரி:
அது சுடுநீரில் போட்டவர் தவறு. அந்த விற்பனையில் என் விலையைக் குறைக்கச் சொல்லி அரை மணிநேரம் நின்றவரும் நீங்கள்தான். கண்ணி கண்ணியாகப் போட்ட உழைப்புக்கு உங்கள் கணக்கில் கூலியே கிடையாதா?

மூதூர் வாசகன்:
அக்ரிலிக் என்பது பிளாஸ்டிக் வகைதான். திருகோணமலை பிரெட்ரிக் கோட்டை மான்கள் பொலித்தீன் பைகளைத் தின்பதைப் பார்த்துக் கண்ணீர் விடுகிறவர்கள், வீட்டு நாய்க்கு அதையே பின்னிக் கொடுக்கிறார்கள்.

கோணமலைக் காற்று:
மான் பேச்சை எடுத்தீர்கள், நல்லது. அந்தக் கோட்டை வழியாகக் கோணேஸ்வரம் கோயிலுக்குப் போய் வருகிறவர்கள் வாழைப்பழத்தைப் பையோடு நீட்டுவதை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள்.

மூதூர் வாசகன்:
கோயிலுக்கு வருகிறவர்களை மட்டும் ஏன் சொல்கிறீர்கள்? நகரத்துக் கடைக்காரர்கள் வீதியில் கொட்டும் குப்பை கண்ணில் படாதா?

துறைமுகத்தான்:
மானும் கடையும் வேறு பேச்சு. அறுந்த நூல் முனைக்கு இன்னும் பதில் வரவில்லை.

உப்புவெளிப் பின்னற்காரி:
சொல்லிவிட்டேன், இன்னொரு தடவையும் சொல்கிறேன். இறுக்கமாகப் பின்னி, முனையை உள்ளே ஓட்டி, விளையாடும்போது பக்கத்தில் இருந்து, நைந்ததும் எடுத்து எறிந்தால் ஆபத்து இல்லை. கடைப் பொம்மையில் ஒட்டிய இறகும் தொங்கும் கயிறும் இருக்கின்றனவே, அவற்றைப் பற்றி ஏன் ஒரு வரி எழுதவில்லை? பணம் கொடுத்து வாங்கினால் கயிறு குடலில் சிக்காதா?

துறைமுகத்தான்:
"நைந்ததும் எறிந்தால்" என்கிறீர்கள். அப்படியானால் நையும். நூல் முனை வெளியே வரும். நான் சொன்னதும் அதுதான்.

உப்புவெளிப் பின்னற்காரி:
நான் சொன்னதைத் திருகாதீர்கள். எறியச் சொன்னது முனை வெளியே வருவதற்கு முன்பு.

துறைமுகத்தான்:
முன்பு என்றால் எப்போது?

உப்புவெளிப் பின்னற்காரி:
பின்னத் தெரிந்தவருக்குக் கை வைத்ததும் தெரியும். உங்களுக்குத் தெரியாது.