கோழி முட்டைக்குள்ள வாத்துக் கால் மாதிரி இருந்துச்சு, இது எப்படி?

கொரடாச்சேரி வயல்:
எங்க அடைக்கோழிக்கு வாத்து முட்டை 5, நாட்டுக்கோழி முட்டை 8 வச்சிருக்கோம், வாத்துக்கு 28 நாளு கோழிக்கு 21 நாளுங்கிறதால வாத்து முட்டைய ஒரு வாரம் முன்னாடியே வச்சாச்சு. நேத்து கோழி முட்டைக்கு ஏழாம் நாள், கூமுட்டை இருக்கான்னு டார்ச் அடிச்சு பாக்கும்போது ஒண்ணு கை நழுவி உடைஞ்சிருச்சு, மனசே கஷ்டமாயிருச்சு. தட்டுல எடுத்து போன்ல ஜூம் பண்ணி பாத்தா காலு நுனி குட்டித் துடுப்பு மாதிரி, விரலுக்கு கோடு கோடா தெரியுது, நடுவுல சவ்வு. கோழி முட்டைதான், நானே பென்சில்ல தேதி போட்டது. வாத்து முட்டையோட சேத்து வச்சதால சூடு கலந்துருச்சுங்கிறாங்க அம்மா. அப்படி நடக்குமா?

குடந்தை விலங்கியல் வாத்தியார்:
நடக்காது தம்பி. ஏழாம் நாள் கோழிக்கும் அப்படித்தான் இருக்கும், அடுத்த ரெண்டு மூணு நாள்ல விரலுக்கு நடுவுல இருக்கிற செல்லெல்லாம் தானா செத்து விரல் பிரிஞ்சிரும். சாகச் சொல்லி சேதி குடுக்கிறது பிஎம்பின்னு ஒரு புரதம். வாத்துக்கும் அதே பிஎம்பி இருக்கு, ஆனா அதோட சவ்வுல கிரெம்லின்னு இன்னொரு புரதம் சுரந்து அந்த சேதிய மறிச்சிருது, சவ்வு தப்பிச்சிருது. 1996ல கோழிக்கருவோட கால்ல பிஎம்பி சேதிய அடைச்சுப் பாத்தாங்க, கோழிக்கே சவ்வுக் கால் வந்துச்சு. எனக்கு இன்னைக்கும் ஆச்சரியம் என்னன்னா, இதே பிஎம்பிய 1965ல முதல்ல கவனிச்சது எலும்ப முளைக்க வைக்கிற சங்கதியாத்தான். ஒரு எடத்துல எலும்பு கட்டுது, பக்கத்து எடத்துல செல்ல சாகடிக்குது.

நன்னிலம் அக்கா:
சார், என் தங்கச்சி புள்ளைக்கு வலது கையில ரெண்டு பெருவிரல். கிரகணத்தன்னைக்கு காய் நறுக்குனதாலன்னு மாமியார் சொல்லிச் சொல்லி அவ அழுதுகிட்டே இருக்கா. அதுவும் இந்த பிஎம்பிதானா?

குடந்தை விலங்கியல் வாத்தியார்:
கிரகணத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா, தங்கச்சி ஒரு தப்பும் பண்ணல, மொதல்ல அத சொல்லுங்க. இது வேற சேதி, பேரு சோனிக் ஹெட்ஜ்ஹாக், வீடியோ கேம் பொம்மை பேர வச்சுட்டாங்க. நம்ம வாய்க்கால் பாசனம் மாதிரி நினைச்சுக்குங்க. கை முளைக்கும்போது சுண்டுவிரல் பக்கம் தலைமடை, அங்கதான் இது சுரக்கும், போகப்போக கொறைஞ்சுகிட்டே வரும், பெருவிரல் பக்கம் கடைமடை, தண்ணியே வராது. எந்த எடத்துல எவ்வளவு வருது, எத்தனை நேரம் வருதுங்கிறத வச்சுத்தான் எந்த விரல்னு முடிவாகுது. 1968லேயே கோழிச் சிறகு மொட்டுல தலைமடைத் திசுவ வெட்டி கடைமடையில ஒட்டுனாங்க, கண்ணாடில பாத்த மாதிரி ரெண்டு செட் விரல் வந்துச்சு. அது அனுப்புற சேதி இந்த சோனிக்தான்னு 1993லதான் தெரிஞ்சுது. இந்த ஜீனுக்கு மதகு மாதிரி ஒரு ஸ்விட்ச், டிஎன்ஏல சுமார் 10 லட்சம் எழுத்து தள்ளி இருக்கு. அதுல ஒரே ஒரு எழுத்து மாறுனாலும் சில பேருக்கு கடைமடையிலயும் கசிஞ்சு பெருவிரல் பக்கம் கூடுதலா முளைக்கும். சில்க்கி கோழிக்கு நாலுக்கு பதிலா அஞ்சு விரல் இருக்கே, அதுவும் இதே மதகுலதான். புள்ளைக்கு இதே காரணமான்னு டாக்டர்தான் பாத்து சொல்லணும், காரணம் பலது உண்டு.

கொரடாச்சேரி வயல்:
அம்மாகிட்ட படிச்சு காட்டுனேன் சார். மீதி ஏழையும் சேத்தே வச்சிருக்கோம்.

நன்னிலம் அக்கா:
ரொம்ப நன்றி சார், தங்கச்சிக்கு அப்படியே அனுப்பிட்டேன். கூடுதல் விரல்ல எலும்பு எப்படி சேந்திருக்குன்னு எக்ஸ்ரே எடுக்க வெள்ளிக்கிழமை தஞ்சாவூர் போறோம், மாமியாரும் கூட வர்றாங்க.